மறு: மீட்பு விரலியா, புறத்தொடக்கியா?

நண்பர்களே,

எழாத கணினியை வெளியிலிருந்து தொடங்கி, பழுதுபார்க்கவும் கோப்புகளைக் காப்பாற்றவும் உதவும் 'ரெஸ்கியூ டிஸ்க்'குக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். அதற்கு வந்த ஒரு யோசனை:

> 'மீட்பு விரலி' என்றே முடித்துவிடலாம். எல்லாருக்கும் புரியும்.

புரிகிறது என்பதுதான் எனக்குச் சிக்கல். தவறாகவும் புரிகிறது.

விரலியைப் பற்றிப் பெரிய தகராறு இல்லை. பென் டிரைவுக்கு அது நன்றாக ஒட்டிக்கொண்ட சொல். ஆனால் 2000-இல் வந்த நாப்பிக்ஸ் என்ற லினக்ஸ் இயங்குதளம் குறுவட்டிலிருந்து ஓடியது. பிணையம் வழியாகவும் கணினியை இப்படித் தொடங்கலாம். நாளை ஊடகம் மாறினால் சொல்லும் பழசாகிவிடும்.

'மீட்பு'தான் உண்மையான தொல்லை. மடிக்கணினியோடு வரும் 'மீட்புப் பகிர்வு' (பகிர்வு என்பது வட்டில் தனியே பிரித்த பகுதி) பெரும்பாலும் விண்டோஸை மறுபடி நிறுவித் தருவதற்கானது. தவறான தெரிவை அழுத்தினால் நம் கோப்புகளைத் துடைத்துவிடும். விண்டோஸில் வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் கேட்கும் 48 இலக்க எண் 'மீட்புச் சாவி'. அழிந்த படங்களைத் தேடி எடுப்பது 'தரவு மீட்பு'. இந்த மூன்றோடு நாலாவதாக இதையும் சேர்த்தால், கணினி எழாமல் பதறிக்கொண்டிருப்பவர் எந்த மீட்பைத் தேர்ந்தெடுப்பார்? கோப்பைக் காப்பாற்ற வந்தவரைக் கோப்பை அழிக்கும் பொத்தானுக்கு அனுப்பக் கூடாது.

இந்தக் கருவியின் தனித்தன்மை வேறு. வட்டிலுள்ள இயங்குதளம் எழுவதே இல்லை. வெளியிலிருந்து வந்த இன்னொன்று நினைவகத்தில் ஏறி ஓடுகிறது; பழுதான வட்டு அறுவை மேசையில் மயக்கத்தில் கிடப்பதுபோலச் சும்மா கிடக்கிறது. அதனால்தான் அதில் ஓர் எழுத்துகூட எழுதாமல் டிடிரெஸ்கியூ என்ற நிரலால் படி எடுக்க முடிகிறது. எளிதில் படிக்க வரும் இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குப் பிறகுதான் அது திரும்பும். டெஸ்ட்டிஸ்க் என்ற நிரலை அந்தப் படியின்மேல் ஓட்டித் தொலைந்த பகிர்வைத் தேடலாம். அதுவும் கைகொடுக்காவிட்டால் போட்டோரெக் என்ற இன்னொரு நிரல். எந்தக் கோப்பு எங்கே என்று சொல்லும் கோப்பு முறைமையைப் பார்க்காமல், கோப்புகளின் தொடக்கத்திலுள்ள அடையாளத்தை வைத்தே தோண்டும். கோப்புப் பெயர்கள் போய்விடும், உள்ளடக்கம் கிடைக்கும். கிடைத்ததை வேறு வட்டில்தான் சேமிக்க வேண்டும், இல்லையேல் தோண்டிய குழியிலேயே மண்ணைப் போட்ட கதை.

ஆகவே 'புறத்தொடக்கி' என்கிறேன்: புறத்திலிருந்து தொடங்கி வைப்பது. 'துவக்கி' வேண்டாம், ஈழத்தில் துவக்கு என்றால் துப்பாக்கி. முன்பு ஒருவர் 'லைவ் டிஸ்க்' என்பதற்கு முன்வைத்த 'நேரலை வட்டு' கிரிக்கெட் ஒளிபரப்புக்குத்தான் பொருந்தும்.

---

> ஆகவே 'புறத்தொடக்கி' என்கிறேன்

ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் உபுண்டு இயங்குதளத்தை நிறுவப் பயன்படும் விரலியும் புறத்திலிருந்துதானே தொடங்குகிறது? ஒரே விரலியில் பலவற்றை வைத்துத் தொடங்க உதவும் வென்டாயைப் போட்டு, உபுண்டு நிறுவியையும் பழுதுபார்க்க உதவும் சிஸ்டம்ரெஸ்கியூவையும் சேர்த்தே வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் ஒரே பெயரா? நீங்கள் 'மீட்பு' மேல் வைத்த அதே குற்றச்சாட்டு இதற்கும் வருகிறதே. தவறிப்போய் நிறுவியைத் தொடங்கி 'அடுத்து, அடுத்து' என்று தட்டினாலும் வட்டு காலிதான்.

---

சரியான பிடி. புறத்தொடக்கியை வகைப்பெயராக மட்டும் வைத்துக்கொள்வோம். அதற்குள் 'நிறுவு தொடக்கி', 'செப்பத் தொடக்கி' என்று பிரிக்கலாம். செப்பனிடுதல் என்ற சொல் எல்லாருக்கும் தெரியும். இயங்குதளத்தை எழுப்பும் கிரப் நிரலை மறுபடி பதிப்பது, ஜிபார்ட்டட் நிரலில் பகிர்வைத் திருத்துவது, தரவை வெளியே எடுப்பது எல்லாம் அதில் அடங்கும். தரவை எடுப்பது எப்படிச் செப்பனிடுதல் ஆகும் என்று யாராவது கேட்பீர்கள். கொஞ்சம் இழுத்துத்தான் பொருத்துகிறேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 'மீட்பு' தரும் ஆபத்து இதில் இல்லை.

உற்பத்தியாளர் தரும் பகிர்வுக்கு 'மீள்நிறுவு பகிர்வு' என்றே எழுதுவோம். 'மீட்பு' தரவுக்கு மட்டும் இருக்கட்டும். பிட்லாக்கர் சாவிக்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கெனவே பெயரிட்டுவிட்டது, அதில் நாம் கை வைக்க முடியாது.

மொழிபெயர்ப்புக் கோப்பில் இப்போதைக்கு 'செப்பத் தொடக்கி' என்று இட்டு, ஐயக்குறி போட்டு வைக்கிறேன். மறுப்பு இருந்தால் சரங்கள் (மொழிபெயர்க்க வேண்டிய சொற்றொடர்கள்) பூட்டப்படுமுன் சொல்லுங்கள்.