மறுமொழி: காரபினருக்குத் தமிழ்: ‘கொக்குவாய்’ சரிவருமா?

வணக்கம்.

காரபினருக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்ட இந்த இழையில் இதுவரை வந்த மூன்று சொற்களையும் பார்த்தேன்: வளையப்பூட்டு, துமுக்கிக் கொக்கி, கொளுவி. மூன்றோடும் எனக்குச் சின்னத் தகராறு இருக்கிறது, யாரும் கோபிக்க வேண்டாம்.

நாம் பேசுவது பையின் தோள்வாரில் தண்ணீர்ப் புட்டி, தொப்பி, ஈரத்துண்டு எல்லாம் தொங்கவிடுகிற அந்த விரல்நீள அலுமினியக் கொக்கியைப் பற்றி. ஒரு பக்கத்துக் கம்பியை அழுத்தினால் உள்ளே மடங்கும், விரலை எடுத்தால் ஸ்பிரிங் தள்ளி ‘டிக்’கென்று மூடிக்கொள்ளும். அந்த வாய்தான் அதன் உயிர். அது இல்லையென்றால் சட்டை மாட்டும் கொக்கிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

‘வளையப்பூட்டு’ என்றால் எல்லாரும் சாவியைத் தேடுவார்கள். தவிர, மலையேறுகிறவர்களிடம் திருகிப் பூட்டும் வகை தனியாகவே உண்டு, அதைப் ‘பூட்டு வளையப்பூட்டு’ என்பதா? துமுக்கி என்றால் துப்பாக்கி; ‘துமுக்கிக் கொக்கி’ சொன்ன ஐயா வேரைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார். குதிரைப்படை வீரன் தன் குட்டைத் துப்பாக்கியைத் தோள்வாரில் மாட்டிய கொக்கிக்கு ஜெர்மனில் காரபினர்ஹாக்கன் என்று பெயர், அதில் கொக்கி கழன்று விழுந்து துப்பாக்கி மட்டும் பெயரில் மிஞ்சிவிட்டது. ஆனால் விமான நிலையச் சோதனையில் நின்றுகொண்டு ‘பையில் துமுக்கிக் கொக்கி நாலு இருக்கிறது’ என்று சொல்லிப் பாருங்கள்.

கொளுவி எனக்குப் பிடித்த சொல். யாழ்ப்பாணத்தில் சட்டையைக் கொளுவுகிறார்கள், சண்டையும் கொளுவுகிறார்கள், எவ்வளவு உயிருள்ள வினை! ஆனால் மாட்டுகிற எதுவும் கொளுவிதான், அதுதான் இடைஞ்சல்.

என் பரிந்துரை கொக்குவாய். இது நான் புதிதாகச் செய்த சொல் அல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராசராசன் காலத்து நகைப் பட்டியல்களைப் பாருங்கள், கொக்குவாயும் படுகண்ணும் சேர்ந்து வரும். கொக்குவாய் என்பது ஆரத்தின் கொக்கி, படுகண் என்பது அது போய் மாட்டும் கண். ஒன்றுக்குத் தேடப்போய் நமக்கு இரண்டு சொல் கிடைக்கிறது: பையில் தைத்திருக்கும் அந்த நாடாக் கண்ணுக்குப் படுகண் என்றே பெயர் வைத்துவிடலாம். பழைய நகையில் ஸ்பிரிங் ஏது என்று கேட்பீர்கள். சரிதான், ஆனால் மீனைக் கவ்வியதும் அலகு மூடுகிறதே, அந்தப் படம் பழையதைவிடப் புதியதற்குத்தான் நன்றாகப் பொருந்துகிறது.

இன்னொன்று, இதை விடமாட்டேன். சின்னதற்கும் பெரியதற்கும் பெயர் வேறாக இருந்தே ஆக வேண்டும். பாறையேற்றத்துக்கான அடிப்படை வகை ஐரோப்பியத் தரப்படி நீளவாக்கில் 20 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 2,000 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும்; வாய் திறந்திருந்தால் அதுவே 7 ஆகிவிடும். நடைபாதைக் கடையில் வாங்குகிறதில் ‘ஏறுவதற்கல்ல’ என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கும், யார் படிக்கிறார்கள்? நான் படிக்கவில்லை. போன வருடம் தோப்பில் தொங்குதூளி கட்டி இரண்டு முனையிலும் அதையே மாட்டினேன். உட்கார்ந்து காலைத் தூக்கியதும் தலைமாட்டுக் கொக்கி கேள்விக்குறி மாதிரி விரிந்து நிற்க, ஸ்பிரிங் எங்கோ பறந்துவிட்டது. இடுப்பு ஒரு வாரம் வலித்தது.

ஆகவே சின்னது பைக்கொக்குவாய், மலையேறுவதற்கு ஏற்றக் கொக்குவாய், திருகுவது பூட்டுக் கொக்குவாய். இரண்டு பக்கமும் வாய் வைத்த எஸ் வடிவத்தது இருக்கிறதே, நகைக்கடையில் ‘எஸ் கொக்கி’ என்று கேட்டே பழகிவிட்டோம், இதை இரட்டைக் கொக்குவாய் எனலாம்.

உள்ளே மடங்கும் அந்தக் கம்பிக்கு மட்டும் சொல் அமையவில்லை. ‘தாழ்’ என்று வைத்தேன், கதவு வாசனை அடிக்கிறது. ‘நா’ என்றால் கொக்கோடு ஒட்டுமா? ‘கொளுவி’ சொன்ன யாழ்ப்பாணத்து நண்பர் என்ன சொல்கிறார்?