அரசு ஆஸ்பத்திரி நன்றாக நடக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது?

காசிமேடு_செயலாளர்:
கொஞ்சம் படித்தவன் என்ற ஒரே குற்றத்துக்காக எங்கள் தெரு நலச்சங்கத்தில் என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். போன கூட்டத்தில் பாதிப் பேர் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியைத் தங்கம் என்றார்கள். மீதிப் பேர், "அங்கே போனால் ஸ்டான்லி பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதுவான், அவ்வளவுதான்" என்றார்கள். யார் சொல்வது சரி?

நிதி ஆயோக் 2021-ல் 707 மாவட்ட மருத்துவமனைகளை 10 அளவுகோல்களால் மதிப்பிட்டு வெளியிட்ட அறிக்கையைப் புரட்டினேன். தரவு 2017-18 ஆண்டுடையது. நம் தெருச் சண்டைக்கு உதவாது. அதனால் போன வருடம் எத்தனை பேர் இறந்தார்கள் என்று ஆர்டிஐ-யில், அதாவது தகவல் உரிமைச் சட்டத்தில், கேட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். சரியா?

ஓய்வுபெற்ற_சிஸ்டர்:
தம்பி, அதை மட்டும் கேட்காதே. 31 வருடம் அரசு நர்ஸாக இருந்தவள் சொல்கிறேன்.

கடைசியாக வேலை பார்த்த இடத்தின் பெயர் வேண்டாம். சின்ன ஆஸ்பத்திரி. ஒரு ராத்திரி இரண்டு மணிக்குத் தலைப்பிரசவப் பெண் ஒருத்தி, பிரஷர் ஏறி வந்தாள். உடனே சிசேரியன் செய்ய வேண்டும். மயக்க டாக்டருக்குப் பகலில்தான் டியூட்டி. 108-ல் ஏற்றி ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். வண்டியில் நானும் போனேன். வழியில் வலிப்பு வந்தது. பிழைத்துக்கொண்டாள், கடவுள் புண்ணியம். அந்த மாத ரிப்போர்ட்டில் எங்கள் ஆஸ்பத்திரியில் தாய் இறப்பு பூஜ்யம். எங்கள் பெரிய டாக்டர் லட்டு வாங்கிக் கொடுத்தார். நான் சாப்பிடவில்லை.

புரிகிறதா? முடியாத கேஸையெல்லாம் மேலே அனுப்பிவிட்டால் இறப்பு தானாகக் குறையும். அத்தனையையும் வாங்கிக்கொள்ளும் ஸ்டான்லியில் கூடும். அந்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் வேலை செய்கிறவனுக்கு ஃபெயில் மார்க், கைகழுவுகிறவனுக்கு லட்டு. சிசேரியன் சதவீதமும் அப்படித்தான். ராத்திரியில் ஆபரேஷனே இல்லாத இடத்தில் அது அழகாகத்தான் இருக்கும்.

படுக்கைக் கணக்கிலும் கண் வை. 100 படுக்கைக்கு 30 நாளில் 3,000 படுக்கை நாள். அதில் 2,550 நாள் ஆள் இருந்தால் 85 சதவீதம்; அது நல்ல அளவு. 110 என்று வந்தால் பெருமை இல்லை, பாய் விரித்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். மாவட்ட மருத்துவமனைக்கு லட்சம் பேருக்கு 22 படுக்கை என்று மத்திய அரசின் 2012 விதிமுறையில் ஒரு கணக்கு இருந்தது. நம் பக்கம் எந்த லட்சத்தை எண்ணுவது? பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஆந்திராவிலிருந்துகூட இங்கேதான் வருகிறார்கள்.

லேப்_தம்பி:
அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு. ஆனால் அரசு ஆஸ்பத்திரிகளுக்குத் தரம் பார்த்துத் தருகிற தேசியச் சான்றிதழ், என்.க்யூ.ஏ.எஸ்., இருக்கிறதா என்றும் பாருங்கள் அண்ணே. எட்டுத் தலைப்பு, ஒவ்வொரு கேள்விக்கும் 0, 1, 2 என்று மார்க். ஃபைலை மட்டும் பார்த்துப் போட மாட்டார்கள். வார்டைச் சுற்றிப் பார்ப்பார்கள், ஊழியரைக் கேட்பார்கள், நோயாளியையும் கேட்பார்கள். மொத்தத்தில் 70 சதவீதமாவது வேண்டும். மூன்று வருடம்தான் செல்லும், அதனால் சுவரில் மாட்டியிருந்தால் தேதியைப் படியுங்கள்.

ஓய்வுபெற்ற_சிஸ்டர்:
அதுவும் சரிதான். ஆனால் அவர்கள் வருகிற வாரம் எங்களுக்குப் புது பெட்ஷீட் வரும், போன பிறகு பீரோவுக்குள் போய்விடும். தேதி சொல்லாமல் ராத்திரியில் வந்து பார்க்கச் சொல்.

டிஎச்ரோடு_ஆட்டோ:
நான் படிக்காதவன். ஆஸ்பத்திரி எதிரில் இருக்கிற மெடிக்கல் ஷாப்பில் விசாரிங்க, அரசு ஓபி சீட்டோடு வர்றவங்க எதை அதிகம் வாங்குறாங்கன்னு. கையுறை, சிரிஞ்சு, ஆன்டிபயாடிக் ஊசின்னா உள்ளே ஸ்டாக் இல்லைன்னு அர்த்தம். பிஸ்கட்டும் ஹார்லிக்ஸும்தான் ஓடுதுன்னா கவலை இல்லை. ராத்திரி சவாரி ஓட்டுறவனுக்கு இதெல்லாம் தெரியும் சார்.

காசிமேடு_செயலாளர்:
மெடிக்கல் ஷாப் யோசனை பிரமாதம், நாளைக்கே போகிறேன். ஆர்டிஐ-யில் இறப்பை எடுத்துவிட்டேன். இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்: "கடந்த 12 மாதங்களில் இரவு 8 முதல் காலை 8 வரை பிற மருத்துவமனைகளுக்கு ரெஃபர் செய்யப்பட்டவர்கள் எத்தனை பேர், காரணம் என்ன? அதே நேரத்தில் இங்கேயே நடந்த சிசேரியன் எத்தனை?" பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டியாயிற்று. சிஸ்டர், ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற_சிஸ்டர்:
"ரெஃபர்" என்று எழுதாதே. "உயர் சிகிச்சைக்காக அனுப்பப்பட்டவர்கள் பதிவேட்டின் நகல்" என்று கேள். எண்ணிக்கை கேட்டால், அப்படித் தொகுத்து வைக்கவில்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். நகல் வந்ததும் நேரம் போட்ட பத்தியைப் பார்த்து நீயே எண்ணிக்கொள். பெயர்களை மறைத்துத் தந்தால் போதும் என்றும் எழுது. "சொந்த விருப்பத்தில் சென்றவர்கள்" என்று ஒரு பத்தி இருக்கும், அதையும் விடாதே. பாதிப் பேரை அதில்தான் தள்ளுவோம்.