கிபுட்ஸைச் சாய்த்தது சமத்துவமா, வட்டியா?

கணக்கன்:
1910-ல் கலிலேயா ஏரிக்கரையில் பத்து ஆண்களும் இரண்டு பெண்களுமாகத் தொடங்கிய டெகானியாதான் முதல் கிபுட்ஸ், அதாவது எல்லாவற்றையும் பொதுவில் பகிரும் இஸ்ரேலியக் கூட்டுப்பண்ணைக் குடியிருப்பு. நிலம் யூதர்கள் குடியேற நிலம் வாங்கிய யூத தேசிய நிதியத்துடையது, உழைப்பு எல்லோருடையது, தனிச் சம்பளம் யாருக்கும் இல்லை. அதே டெகானியா 2007-ல் வேலைக்கேற்ற சம்பளத்துக்கு மாறிவிட்டது. மாடாய் உழைப்பவருக்கும் ஒப்புக்கு வேலை செய்பவருக்கும் ஒரே பங்கு என்றால் எத்தனை நாள் ஓடும்?

வயலூரான்:
97 வருடம் ஓடியிருக்கிறதே சார்! சோம்பேறித்தனம்தான் காரணம் என்றால் எண்பதுகள் வரை ஏன் சாயவில்லை? 1984-ல் இஸ்ரேலில் பணவீக்கம் 400 விழுக்காட்டைத் தாண்டியது. விலைவாசி அப்படி ஏறும் ஊரில் கடன் வாங்கியவனுக்குத்தான் லாபம். கிபுட்ஸ்களும் கடன் வாங்கித் தொழிற்சாலையும் வீடும் கட்டின. 1985-ல் அரசு பணவீக்கத்துக்குக் கடிவாளம் போட்டதும் உண்மை வட்டி, அதாவது பணவீக்கம் போக மிஞ்சும் வட்டி, எகிறிவிட்டது. 1989-ல் அரசும் வங்கிகளும் கிபுட்ஸ்களும் உட்கார்ந்து கடன் ஒப்பந்தம் போட வேண்டியதாயிற்று. இதில் சமத்துவம் செய்த தப்பு என்ன?

கணக்கன்:
அந்தக் கடனை வாங்கியது யார்? பொதுக்கூட்டத்தில் கை தூக்கிய யாருக்கும் சொந்தச் சொத்து பறிபோகும் பயம் இல்லை. கிபுட்ஸ்கள் ஒன்றுக்கொன்று ஜாமீன் வேறு. எல்லோருடைய பணமும் யாருடைய பணமும் இல்லை என்றால் கை தாராளமாகத்தான் நீளும்.

வயலூரான்:
ஜாமீன் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூட்டாக முடிவெடுத்தால் நஷ்டம்தான் என்பதை ஏற்க மாட்டேன். நெகேவ் பாலைவனத்து ஹட்செரிம் கிபுட்ஸ் 1965-ல் சிம்ஹா பிளாஸ் என்ற பொறியாளரோடு சேர்ந்து நெட்டாஃபிம் என்ற சொட்டுநீர்ப் பாசன நிறுவனத்தைத் தொடங்கியது. சொட்டுநீர்ப் பாசனம் உலகமெங்கும் பரவியது அந்தக் கூட்டுப்பண்ணையிலிருந்துதான். நம் ஊர் வாழைத் தோட்டம் வரைக்கும் வந்து சேர்ந்த தொழில்நுட்பம் அது.

மலர்விழி:
இரண்டு பேரும் வரவு செலவிலேயே நிற்கிறீர்கள். டெகானியாவிலேயே பெண்களை அடுக்களைக்கும் துணி துவைக்கவும் அனுப்பினார்கள். அங்கே இருந்த மிரியம் பராட்ஸ் என்ற பெண் மாட்டுத்தொழுவத்தில் வேலை செய்யும் உரிமைக்காகச் சண்டை போட வேண்டியிருந்தது. அப்புறம் நிலம். 1949-ல் அமைந்த சாசா கிபுட்ஸ் நிற்பது, முந்தைய ஆண்டு மக்கள் வெளியேற்றப்பட்ட சஅசஅ என்ற பாலஸ்தீனக் கிராமத்தின் மேல். அந்தக் கிராமத்தாருக்கு எந்தப் பங்கும் கிடைக்கவில்லை. அவர்களைச் சேர்க்காமல் சமத்துவக் கணக்கு எப்படி முடியும்?

வயலூரான்:
அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை அக்கா. நான் உள்ளே இருந்த பங்கீட்டை மட்டும் பேசினேன், அது பாதிதான். ஆனால் அந்தப் பாதி தானாகச் செத்தது என்று கணக்கன் சார் சொல்வது தவறு. மாகன் மிகாயேல் என்ற கிபுட்ஸ் இன்றும் பழைய கூட்டு முறையிலேயே இருக்கிறது.

கணக்கன்:
இருக்கிறது, ஏனென்றால் அவர்களிடம் பிளாசான் என்ற பிளாஸ்டிக் தொழிற்சாலை இருக்கிறது. கையில் காசிருக்கும் கிபுட்ஸால் பகிர முடிகிறது, கடனில் மூழ்கிய கிபுட்ஸால் முடியவில்லை.

வயலூரான்:
முதல் பதிவில் சோம்பேறி என்றீர்கள். இப்போது கடன் என்கிறீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன் சார்.