பள்ளத்தூரில் கிளம்பும் வண்டி கோட்டையூர் வருவதற்குள் அணைந்துவிடுகிறது: எங்கே பார்ப்பது?

கேள்வி, பள்ளத்தூரிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். அப்பச்சி ஓட்டிய பழைய ஸ்பிளெண்டர், கார்புரேட்டர் வண்டி. அவருக்குப் பிறகு வீட்டு முகப்பில் ரொம்ப காலம் சும்மாவே நின்றது. பலகாரம் செய்து விற்க ஆரம்பித்ததிலிருந்து நான்தான் எடுக்கிறேன். பின் கேரியரில் தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை என்று இரண்டு பெரிய தகரம் கட்டிக்கொண்டு காரைக்குடி போவேன்.

காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது. நிற்கும்போது சீராக ஓடுகிறது. நாலைந்து கிலோமீட்டர் போய், டாப் கியரில் கொஞ்சம் முறுக்கினால் திணறி, இரண்டு தடவை வெட்டி இழுத்து அணைந்துவிடுகிறது. ஐந்து நிமிடம் கழித்து உதைத்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். கொஞ்ச தூரத்தில் மறுபடியும் அதே கதை. பட்டறையில் பிளக் மாற்றினார்கள், பலனில்லை. இனி பிளக்கில் பொறி வர மின்சாரம் தரும் காயிலும், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரும் புதிதாகப் போட வேண்டும் என்கிறார்கள். காசு போடுவதற்கு முன்னால் எது கோளாறு என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஸ்பேனர் செட், பிளக் ஸ்பேனர் எல்லாம் வீட்டில் இருக்கிறது, நானே கழற்றுவேன்.

இன்னொன்று. பாரம் இழுக்க, செயின் ஓடும் முன் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டை 14 பல்லிலிருந்து 13 ஆக்கலாம் என்கிறார்கள். செய்யலாமா?

கோட்டையூரிலிருந்து:

முதலில் டேங்க் மூடியைப் பாருங்கள். காற்று உள்ளே போக அதில் ஒரு பொடி ஓட்டை இருக்கும். நம் பக்கத்துச் செம்மண் தூசி அதில் அடைத்துக்கொண்டால், பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே காற்று இல்லாமல் போய் பெட்ரோல் வருவது நின்றுவிடும். அடுத்த முறை வண்டி நின்றதும் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று இழுத்து, வண்டியும் சீக்கிரமே கிளம்பினால் அதுதான் காரணம்.

தேவகோட்டையிலிருந்து, பட்டறை வைத்திருப்பவர்:

தங்கச்சி, மூடியைப் பார்ப்பது சரிதான். ஆனால் சூடேறிப் போகும் காயிலும் பெட்ரோல் போதாமையும் வெளியில் ஒரே மாதிரிதான் தெரியும். காயில் ஆறினால் வேலை செய்யும். பெட்ரோல் மெதுவாக வந்தால், நீங்கள் ஓரமாக நிற்கிற ஐந்து நிமிடத்தில் கார்புரேட்டர் கிண்ணம் நிறைந்துவிடும். இரண்டிலும் வண்டி தானாகச் சரியாகும். பட்டறைக்கு வந்து சேரும்போது எந்தக் குறையும் இருக்காது, அதனால்தான் ஒவ்வொரு சாமானாக மாற்றிப் பார்க்கச் சொல்கிறார்கள். நின்ற அந்த நிமிடத்தில் பார்த்தால் பொருள் வாங்காமலே விடை கிடைக்கும்.

ஒரு கண்ணாடிப் பாட்டிலும் ஸ்குரூடிரைவரும் எடுத்துக்கொண்டு போங்கள். அணைந்ததும் உதைக்காதீர்கள். டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் காக்கை மூடுங்கள். சைலன்சர் சூடாக இருக்கும், அதன் மேல் சிந்திவிடாமல் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள வடி திருகைத் தளர்த்தி, வருவதைப் பாட்டிலில் பிடியுங்கள். நன்றாகக் கொட்டினால் பெட்ரோல் இருக்கிறது என்று அர்த்தம். பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு சொட்டுதான் வந்தால் காயில் மேல் குற்றமில்லை.

அப்புறம் திருகு திறந்திருக்கும்போதே காக்கைத் திறந்து ஒரு நிமிடம் பிடியுங்கள். ஒரு லிட்டருக்கு 55 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டி 50 வேகத்தில் போனால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 மில்லி குடிக்கும். பாரத்தோடு முறுக்கினால் இன்னும் கூடும். காக் நன்றாக இருந்தால் அதைப்போல் பல மடங்கு கொட்ட வேண்டும். சும்மா நின்று ஓடும்போது மிகக் கொஞ்சம் போதும், அதனால்தான் நிற்கும்போது குறை தெரியாது.

இன்னொரு கேள்வி. காக்கை எதில் வைத்து ஓட்டுகிறீர்கள்?

கேள்வி கேட்டவர்:

அண்ணே, இன்று பார்த்துவிட்டேன். மூடியைத் திறந்தேன், சத்தமும் இல்லை, வித்தியாசமும் இல்லை. கிண்ணத்திலிருந்து சில சொட்டுதான் வந்தது. காக்கைத் திறந்து ஒரு நிமிடம் பிடித்ததில் இருமல் மருந்து மூடி ஒன்றுகூட நிறையவில்லை, நூல் போல வந்து சொட்டாகிவிட்டது. பாட்டிலை வீட்டில் அசையாமல் வைத்துப் பார்த்தால் அடியில் பழுப்பாகப் பொடி, அதன் மேல் தனியாக உருளும் நீர் முத்து மாதிரி கொஞ்சம்.

நூறு ரூபாய்க்குத்தான் பெட்ரோல் போடுவேன். அதனால் காக் எப்போதும் ரிசர்வில்தான்.

தேவகோட்டையிலிருந்து:

விடை கிடைத்துவிட்டது. காயிலும் வேண்டாம், கார்புரேட்டரும் வேண்டாம்.

ரிசர்வில் வைத்தால் டேங்கின் அடியிலிருந்து எடுக்கும். துருவும் தண்ணீரும் பெட்ரோலை விடக் கனம், இரண்டும் அடியில்தான் தங்கும். டேங்க் எப்போதும் முக்கால் காலியாக இருந்தால் உள் சுவரில் காற்றின் ஈரம் வேர்த்து அங்கேயே துருப் பிடிக்கும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் இரண்டும் கலந்து தனியாகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும்.

டேங்கை முழுதாக வடித்து, காக்கைக் கழற்றுங்கள். உள்ளே நிற்கும் வலையைப் பிரஷ்ஷால் கழுவுங்கள், கிழிந்திருந்தால் புதுக் காக் போடுங்கள், அதிகம் ஆகாது. கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றித் துடைத்து, ஜெட் என்ற பொடித் துளைகளில் காற்று ஊதுங்கள். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், ஓட்டை பெரிதாகிவிடும். டேங்கின் உள்ளே பார்க்க எல்இடி டார்ச் மட்டும் போதும். அப்புறம், தங்கச்சி, இதை உறுதியாகச் சொல்கிறேன்: பலகார அடுப்பு எரிகிற நாளில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்து பின்கட்டு வரை போகும்.

புதுவயலிலிருந்து:

லேசான துருவுக்கு வினிகரே போதும். டேங்க் நிறைய ஊற்றி இரண்டு நாள் விட்டு, கொஞ்சம் நட்டுகளைப் போட்டுக் குலுக்கிக் கொட்டலாம். பித்தளைக்குப் புளி போடுகிற வழிதான் இது. கழிப்பறை ஆசிட் மட்டும் வேண்டாம், தகட்டையே தின்றுவிடும்.

காரைக்குடியிலிருந்து, மின்வேதியியல் படித்தவர்:

1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் திறந்த செக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இருக்கிற ஊர் இது. உலோக அரிமானம் அங்கே தனி ஆராய்ச்சித் துறை. ஆகவே மின்சாரம் செலுத்தித் துருவை எடுக்கும் மின்பகுப்பு முறையையும் சொல்லிவிடுகிறேன், செதிலாகப் படிந்த துருவுக்கு இதுதான் நல்லது.

பெட்ரோல் வாடையே இல்லாமல் சோப்புத் தண்ணீரால் பல தடவை கழுவுங்கள், இதில் அவசரம் கூடாது. காக் ஓட்டையை ரப்பர் கார்க்கால் அடையுங்கள். லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா கரைத்த தண்ணீரை விளிம்பு வரை நிரப்புங்கள். டேங்கில் எங்கும் படாமல் ஓர் இரும்புக் கம்பியை உள்ளே தொங்கவிடுங்கள். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவ் அந்த இரும்புக் கம்பிக்கு, நெகட்டிவ் டேங்குக்கு. மாற்றிக் கொடுத்தால் டேங்க்தான் கரையும். கம்பி எவர்சில்வராக இருக்கவே கூடாது, அதிலிருந்து நஞ்சான குரோமியம் கரையும். குமிழியாக வருவது ஹைட்ரஜன், எனவே திறந்த வெளியில் வையுங்கள், பக்கத்தில் தீ வேண்டாம். இணைப்பைக் கொடுத்த பிறகு சுவிட்சைப் போடுங்கள், சுவிட்சை அணைத்த பிறகு எடுங்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை கம்பியைச் சுரண்டினால் வேலை வேகமாக நடக்கும்.

முடிந்ததும் கழுவி உடனே வெயிலில் காயவையுங்கள். ஈரம் நின்றால் ஒரு மணி நேரத்தில் புதுத் துரு பூக்கும். காய்ந்ததும் எஞ்சின் ஆயில் கொஞ்சம் கலந்த பெட்ரோலை விட்டு எல்லாப் பக்கமும் சுழற்றுங்கள்.

தேவகோட்டையிலிருந்து:

பொடியாக இருந்தால் புதுவயல் அண்ணன் சொன்ன வினிகர், விரலுக்குச் செதில் பட்டால் மின்பகுப்பு. சேர்த்த பிறகு நடுக்குழாயில் ஃபில்டர் போடுவதானால் வலை வைத்ததாகப் பாருங்கள். இந்த வண்டியில் பெட்ரோல் தன் கனத்தால் மட்டுமே இறங்குகிறது. இடையில் காகித ஃபில்டர் வைத்தால் பழைய குறையைக் காசு கொடுத்து வாங்கியது போலாகிவிடும்.

ஸ்பிராக்கெட் கேள்விக்கு: 13 பல் போட்டால் இழுவை எட்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடும். அதே வேகத்துக்கு எஞ்சின் அதே அளவு கூடுதலாகச் சுற்றும், மைலேஜ் குறையும், செயினும் சீக்கிரம் தேயும். ஸ்பீடாமீட்டர் கேபிள் முன் சக்கரத்திலிருந்து வருவதால் அது மாறாது. ஆனால் பள்ளத்தூர் முதல் காரைக்குடி வரை மேடு என்று சொல்ல என்ன இருக்கிறது? இழுக்காதது பெட்ரோல் போதாமையால்தான் என்று நினைக்கிறேன். அதைச் சரிசெய்த பிறகும் இழுக்கவில்லை என்றால் மாற்றலாம். பாரத்துக்கு முதலில் வேண்டியது பின் பிரேக் ஷூ, பின் டயர் காற்று, சஸ்பென்ஷன் இரண்டு பக்கமும் ஒரே படியில். ஏர் ஃபில்டரையும் கழற்றித் தட்டிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:

செதில்தான் இருந்தது. அடுப்பு மூட்டாத நாளாகப் பார்த்து, மின்பகுப்பே செய்தேன். முதல் நாள் தண்ணீர் முழுக்கக் கறுப்பும் பழுப்பும் ஆகிவிட்டது, மாற்றி இன்னொரு நாள் விட்டேன். காக் வலை ஒரு பக்கம் கிழிந்திருந்தது, புதிது போட்டாயிற்று. இப்போது ஒரு நிமிடம் பிடித்தால் டம்ளர் நிறைகிறது. இரண்டு தகரத்தோடு காரைக்குடி வரை நிற்காமல் போகிறது, டாப் கியரில் இழுக்கவும் இழுக்கிறது. ஸ்பிராக்கெட்டைத் தொடவில்லை. ஏர் ஃபில்டர் செங்கல் நிறத்தில் இருந்தது, அதையும் மாற்றிவிட்டேன். தேவகோட்டை அண்ணனுக்கும், காரைக்குடி, புதுவயல், கோட்டையூர்க்காரர்களுக்கும் மிக்க நன்றி.

பக்கத்து வீட்டார் வெளியூரில் இருக்கிறார்கள், முன்னோருக்குப் படைக்கும் குடும்பப் படைப்புக்கு மட்டும் வருவார்கள். அவர்கள் வண்டியும் இப்படித்தான் ஓட்டாமல் சும்மா நிற்கிறது. என்ன செய்யச் சொல்ல?

கோட்டையூரிலிருந்து:

ஒன்றிரண்டு மாதத்தில் திரும்புவதானால் டேங்கை முழுதாக நிரப்பி, காக்கை மூடி, எஞ்சினைத் தானாக அணையும் வரை ஓடவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள், கிண்ணம் காலியாகிவிடும். அடுத்த படைப்புக்குத்தான் வருவார்கள் என்றால் டேங்கையும் சொட்டு விடாமல் வடித்து, உள்ளே கொஞ்சம் ஆயில் சுழற்றிவிட்டு, பேட்டரி இணைப்பையும் கழற்றி வைக்கட்டும். முகப்பில் சாரல் அடிக்கும், உள்ளே தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள்.