வானின் மூன்றாம் வரிசையில் பிள்ளைகளுக்கு வசதியில்லை: எதைச் சரிபார்க்க வேண்டும்?

கொக்குவில் வாசி

வணக்கம். யப்பானில் பாவித்துப் பின்னர் இங்கு இறக்கப்பட்ட எட்டு இருக்கை வான் ஒன்று எங்களிடம் உள்ளது. நான் ஓட்டுவேன், மனைவி முன்னால் இருப்பார், நடுவரிசையில் மாமாவும் மாமியும் கடைக்குட்டியின் குழந்தை இருக்கையும், பத்து வயது மகனும் ஏழு வயது மகளும் மூன்றாம் வரிசையில்.

நல்லூருக்கோ கீரிமலைக்கோ போய்வரும்போது பின்னாலிருந்து ஒரு முறைப்பாடும் வராது. சொல்லப்போனால், பெரியவர்களின் கண்ணில் படாத அந்த இடத்தைப் பிடிப்பதற்கு இருவரும் போட்டி போடுவார்கள். ஏ9 வீதியால் கொழும்புக்கோ கண்டிக்கோ புறப்பட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது. கிளிநொச்சியைத் தாண்டியதும் மகள் முகம் வெளிறிக் கொட்டாவி விடத் தொடங்குவாள். மாங்குளத்துக்கும் புளியங்குளத்துக்கும் இடையில் எங்காவது வானை ஓரங்கட்ட வேண்டி வரும். மகன் வாந்தி எடுப்பதில்லை, ஆனால் தலையிடி என்பான், கால் வைக்க இடமில்லை என்பான், புழுக்கம் என்பான். ஒருமுறை மகளை நடுவரிசையில் இருத்தினோம். வவுனியா வரையும் ஒரு தொல்லையும் இல்லை.

பெரிய வானாக மாற்றுவோமா என்றும் யோசித்தோம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டாலும், சந்தையில் சொல்லும் விலையைக் கேட்டால் எங்களுக்கும் தலையிடி வந்துவிடுகிறது. மூன்றாம் வரிசை என்பதே பிள்ளைகளுக்கு ஒத்துவராத இடமா, அல்லது எங்களுடைய வானில் சரிசெய்யக்கூடிய ஏதாவது இருக்கிறதா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மானிப்பாய் அம்மா

தம்பி, முதலில் இரண்டு பிள்ளைகளிடமும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். ஒன்றாகக் கேட்டால் மூத்தவர் சொல்வதையே இளையவரும் சொல்வார். வான் வீட்டு முற்றத்தில் நிற்கும்போது கேட்காமல், அவர்களுக்குப் பக்கத்தில் நீங்களோ மனைவியோ ஏறியிருந்து சாவகச்சேரி வரையாவது போய்விட்டுக் கேளுங்கள். பெரியவர்களில் யாரும் அந்த இருக்கையில் இருந்து பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

தென்மராட்சித் தாதி

நான் தாதிய உத்தியோகத்தர். மகளுக்கு இருப்பது பயணக் குமட்டல் என்பதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. வெளிறலும் கொட்டாவியும் வாந்திக்கு முன்னர் வரும் வழக்கமான அறிகுறிகள். உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு உடல் அசைகிறது என்று மூளைக்குச் சொல்ல, கண் தனக்கு முன்னால் அசையாமல் நிற்கும் இருக்கை முதுகைப் பார்த்து ஓர் அசைவும் இல்லை என்று சொல்கிறது. அந்த முரண்பாடுதான் வயிற்றைப் பிரட்டுகிறது. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இது அரிது. பாடசாலை செல்லும் வயதில் மிகுந்து, பதின்ம வயதில் பெரும்பாலானவர்களுக்குக் குறைந்துவிடும். ஏழு வயது என்றால் சரியான நடுவில் நிற்கிறாள். மூன்றாம் வரிசையில் இது கூடுவதற்குக் காரணம் இருக்கை மெத்தையன்று. அங்கிருந்து முன்கண்ணாடி தெரிவதில்லை, வாகனத்தின் பின்பகுதி அதிகம் தூக்கிப் போடுகிறது, காற்றோட்டமும் குறைவு. மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடுகின்றன.

ஆகவே மகள் வீதியைப் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். கைத்தொலைபேசியையும் படப் புத்தகத்தையும் ஓடும் வாகனத்தில் கொடுக்காதீர்கள். வெறும் வயிற்றோடு ஏற்றுவதும், புறப்படுமுன் வயிறு நிறையப் புட்டும் முட்டைப்பொரியலும் கொடுப்பதும் ஒரே அளவு தவறு. இரண்டு இடியப்பம் அல்லது ஒரு துண்டுப் பாண் போதும். தேசிக்காயை முகர்ந்தால் சில பிள்ளைகளுக்கு இதமாக இருக்கிறது, தீங்கு ஒன்றும் இல்லை. வாசனைத் திரவியப் போத்தலை வானுக்குள் தொங்கவிட்டிருந்தால் அதை முதலில் கழற்றிவிடுங்கள். கண்ணை மூடித் தூங்கினால் தூங்க விடுங்கள். பயணக் குமட்டல் மாத்திரைகள் புறப்படுவதற்கு முன்னரே கொடுக்க வேண்டியவை, பலவற்றுக்குத் தூக்கம் வரும், அளவு பிள்ளையின் வயதையும் நிறையையும் பொறுத்தது; வைத்தியரையோ மருந்தாளரையோ கேட்காமல் பெரியவர்களின் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்க வேண்டாம்.

மகனின் தலையிடி பற்றி ஒரு கேள்வி. வானை நிறுத்தி வெளியே இறங்கிச் சிறிது நேரத்தில் அது குறைகிறதா? குறைகிறது என்றால், மருந்தைத் தேடுமுன் வாகனத்தை ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கோண்டாவில் கராஜ்

தாதி அக்கா கடைசியாகக் கேட்டதைத்தான் நானும் கேட்க இருந்தேன். ஓடும் வானின் பின்னால் காற்றமுக்கம் குறைந்த ஒரு வெற்றிடம் உருவாகிறது. சைலன்சர் புகை அந்த இடத்திலேயே சுழலும். பின்கதவு ரப்பர் இறுகிப்போயிருந்தாலோ, ஏதாவது மூலையில் நசுங்கியிருந்தாலோ, அந்தப் புகை உள்ளே இழுபடும். முதலில் அதைச் சுவாசிப்பவர்கள் மூன்றாம் வரிசையில் இருப்பவர்கள்தான். புகைமணம் வந்தால் கண்டுபிடிக்கலாம். ஆனால் அதிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலையிடி, குமட்டல், தூக்கக் கலக்கம் ஆகியவைதான் அதன் தொடக்க அறிகுறிகள் என்பதால், இதைப் பயணக் களைப்பு என்று எண்ணிச் சும்மா இருந்துவிடுவது ஆபத்தானது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஒரு நீளமான கடதாசித் துண்டைப் பின்கதவு ரப்பருக்குக் குறுக்கே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு இழுத்துப் பாருங்கள். இறுக்கமாகப் பிடித்தால் அந்த இடம் நல்லது. வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் பிடிக்கவில்லை. கதவைச் சுற்றி, விசேடமாகக் கீழ் மூலைகளில், இவ்வாறு சோதியுங்கள். கதவின் உட்புற ஓரத்தில் கறுப்புப் படிவு கண்டால் சந்தேகமே இல்லை. அதைப் பார்த்து முடிக்கும் வரைக்கும் ஏசியை உட்சுழற்சியில் வைக்காமல் வெளிக்காற்று எடுக்கும் நிலையில் வைத்து ஓடுங்கள். பின்கதவைச் சற்றுத் திறந்து கயிறு கட்டிப் பொருட்கள் ஏற்றும் வேலையை, பிள்ளைகள் பின்னால் இருக்கும்போது செய்யவே செய்யாதீர்கள்.

அடுத்தது ரயர் அமுக்கம். யப்பான் வான்களில் சாரதிக் கதவுத் தூணில் ஒட்டியுள்ள தாளில் அமுக்கம் கிலோபஸ்கலில் அச்சிடப்பட்டிருக்கும். காற்று அடிக்கும் இடத்தில் இருப்பவர் பிஎஸ்ஐயில் கேட்பார், நாங்களும் வாயில் வந்த இலக்கத்தைச் சொல்லிவிடுவோம். 240 கிலோபஸ்கல் என்பது ஏறத்தாழ 35 பிஎஸ்ஐ. தாளில் 240 என்றிருக்கும் வானுக்கு 45 அடித்துவிட்டால் முன்னால் இருப்பவர்களுக்குப் பெரிதாகத் தெரியாது, பின்சக்கரத்துக்கு மேல் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் தெரியும். துள்ளலை அடக்கும் அப்சோபரையும் பாருங்கள்: பின்மூலையைக் கையால் ஊன்றி அமுக்கிவிட்டால், வான் எழும்பி உடனே அடங்க வேண்டும். ஊஞ்சலாடிக்கொண்டிருந்தால் அப்சோபரின் காலம் முடிந்துவிட்டது.

அராலி பழையவர்

நாங்கள் ஒரு காலத்தில் ஒரே ஹயஸ் வானில் ஒரு ஊரே ஏறிக் கதிர்காமம் போய்வந்தவர்கள். பின்னால் இருந்தவர்கள் பலகையில் இருந்தார்கள், மடியில் பிள்ளைகள். ஒருவரும் முறைப்பாடு சொன்னதாக ஞாபகம் இல்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஏசியும் வேண்டும், மெத்தையும் வேண்டும்.

தென்மராட்சித் தாதி

ஐயா, அந்த ஹயஸில் கண்ணாடி எல்லாம் திறந்திருந்தது, காற்று முகத்தில் அடித்தது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் போனோம். ஆனால் சத்தி எடுப்பதற்குச் சொப்பிங் பையும் கையோடு கொண்டுபோனோம் என்பதை நீங்கள் மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

பாடசாலைச் சேவை வான் சாரதி, சுன்னாகம்

பெரிய வானாக மாற்றினால் சரிவரும் என்று எண்ணிக் காசைச் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஹயஸின் பின்பக்கம் பாரம் சுமப்பதற்கென அமைந்த பட்டை வில்லில் நிற்கிறது. ஆட்கள் நிரம்பியிருந்தால் அது அமைதியாக ஓடும். பின்வரிசையில் இரண்டு சிறு பிள்ளைகளை மட்டும் இருத்தி வெறும் வானாக ஓடினால் துள்ளும். கடைசி இருக்கை பின்சக்கரத்துக்கும் பின்னால் போய்விடுவதால் அந்தத் துள்ளல் இன்னும் பெரிதாகும். என்னுடைய வானில் சிறு வகுப்புப் பிள்ளைகளைக் கடைசி வரிசையில் இருத்துவதில்லை. உயர்தரம் படிக்கும் பொடியன்மாரே அங்கே இருப்பார்கள்.

சிறிய வான்களிலும் எல்லா மூன்றாம் வரிசையும் ஒன்றல்ல. நோவாவில் மூன்றாம் வரிசை இரண்டாகப் பிரிந்து பக்கச் சுவரோடு தூக்கி மடிக்கப்படுகிறது, ஃபிரீட்டிலும் அப்படித்தான். 2015இல் வந்த சியென்டாவில் அது நடு இருக்கைக்குக் கீழே நுழைந்து மறைந்துவிடும் என்பதால் மெத்தை மெல்லியது. எர்டிகாவில் இருக்கை முதுகு முன்னால் மடிந்து தட்டையாகும். மடித்து ஒளிப்பதற்காகச் செய்த இருக்கையில் நீண்ட பயணத்துக்குரிய தடிப்பை எதிர்பார்க்க முடியாது. தரை உயர்ந்தும் இருக்கை தாழ்ந்தும் இருப்பதால், உங்கள் மகனைப் போல வளரும் பிள்ளைகளுக்கு முழங்கால் மேலே தூக்கி நிற்கும். தொடை மெத்தையில் படாமல் முழுப் பாரமும் இடுப்பில் இறங்கும். மகளுக்கு நேர்மாறு, கால் தரைக்கு எட்டாமல் தொங்கி விறைக்கும். அவளுடைய காலுக்குக் கீழே ஒரு பையை வையுங்கள். மகனுக்கு, நடுவரிசையைச் சற்று முன்னால் தள்ளிவிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

பருத்தித்துறை வாசகர்

சிறிய விடயம் ஒன்று. காலையில் யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே ஓடும்போது வெயில் இடப்பக்கம் விழுகிறது. பின்னேரம் வடக்கே திரும்பி வரும்போது மேற்கு வெயிலும் அதே இடப்பக்கத்தில்தான் விழும். எப்போதும் இடப்பக்கம் இருக்கும் பிள்ளை போகவும் வரவும் வெந்துபோகும். பின்கண்ணாடியின் கறுப்பு நிறம் வெளிச்சத்தைக் குறைக்கிறதே தவிர வெக்கையைப் பெரிதாகத் தடுப்பதில்லை. வலைத் துணி மறைப்புப் போடலாம், ஆனால் வெளியே பார்வை தெரியும் வலையாக இருக்க வேண்டும்.

கொக்குவில் வாசி

பதில் தந்த அனைவருக்கும் நன்றி. மானிப்பாய் அம்மா சொன்னபடி மனைவி பின்னால் ஏறியிருந்து பரந்தன் வரை வந்தார். இறங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "அங்கை இருந்தா ஒண்டும் தெரியேல்லை" என்பதுதான். முன்னால் மாமியின் இருக்கை முதுகும் அதற்கு மேல் தலைதாங்கியும் சுவர் போல நிற்கின்றன. பின்பக்க ஏசிக்குக் கூரையில் தனியாக விசிறி உண்டு; அது ஓடினாலும், துவாரங்கள் இரண்டும் நடுவரிசையை நோக்கியே திருப்பப்பட்டிருந்தன. மாமாவுக்கு வெக்கை தாங்காது என்பதால் அவர் தன் பக்கம் திருப்பிவைத்திருக்கிறார். மகன் எப்போதும் இடப்பக்கம்தான்.

கடதாசிச் சோதனையில் மேல்பக்கமும் வலப்பக்கமும் இறுக்கமாகப் பிடித்தன. இடது கீழ் மூலையில் கடதாசி தானாகவே வழுக்கி வந்தது, விரலால் தடவியபோது கறுப்பு ஒட்டியது. ரப்பரைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக், அந்த இடத்தில் அது தட்டையாகிவிட்டதென்று புதியது போட்டார். சைலன்சர் இணைப்பையும் இறுக்கினார். மகனின் தலையிடி இறங்கியதும் குறைகிறதா என்று கேட்டிருந்தீர்கள். ஆம், தேநீர்க் கடையில் நிற்கும்போது சரியாகிவிடும், திரும்ப ஏறினால் தொடங்கும். ரப்பர் மாற்றிய பின் இன்னும் நீண்ட பயணம் போகவில்லை, ஆகையால் அது தீர்ந்தது என்று இப்போதே சொல்ல மாட்டேன்.

இப்போது மீதமிருக்கும் கேள்வி இருக்கை மாற்றம். மாமிக்கு முழங்கால் வருத்தம், பின்னால் ஏற முடியாது. மகளை நடுவரிசையின் நடுவில் இருத்தினால் முன்கண்ணாடி நன்றாகத் தெரியும், ஆனால் அந்த இடத்தில் இடுப்புப் பட்டி மட்டுமே உள்ளது.

தென்மராட்சித் தாதி

இடுப்புப் பட்டி மட்டுமுள்ள இடத்தில் ஏழு வயதுப் பிள்ளையை இருத்த வேண்டாம். மோதினால் உடல் மடிந்து, பட்டி வயிற்றுக்குள் அழுந்தும். ஏறத்தாழ 145 சென்ரிமீற்றர் உயரம் வரும் வரைக்கும் பிள்ளைகளுக்குப் பூஸ்டர் இருக்கையும், தோளையும் இடுப்பையும் பிடிக்கும் பட்டியும் தேவை. பட்டி கழுத்தை அறுக்காமல் தோளின் நடுவிலும், வயிற்றில் ஏறாமல் இடுப்பு எலும்பிலும் விழ வேண்டும். பூஸ்டரில் இருந்தால் பிள்ளை உயர்ந்து யன்னல் வழியாக நன்றாகப் பார்ப்பாள் என்பது குமட்டலுக்கும் நல்லது. உங்கள் மாமா பின்னால் ஏறக்கூடியவர் என்றால் அவரை மகனோடு வலப்பக்கம் அனுப்பிவிட்டு, மகளுக்கு நடுவரிசையின் ஓர இருக்கையைக் கொடுங்கள். வெக்கை தாங்காதவர் என்கிறீர்கள்; அவர் பின்னால் போனால் ஏசித் துவாரமும் தானாகவே பின்னால் திரும்பும்.

கொக்குவில் வாசி

மாமாவிடம் கேட்டோம். ஆனையிறவு வரை நடுவரிசையில் இருந்துவிட்டு, அதற்குப் பிறகு பின்னால் போவதாகச் சொல்கிறார். உடன்பாட்டை மாற்றக் கூடாது என்ற நிபந்தனையுடன் ஏற்றுக்கொண்டோம்.

கோண்டாவில் கராஜ்

அவர் பின்னால் ஏறுமுன் இரண்டு விடயம் பாருங்கள். மூன்றாம் வரிசைத் தலைதாங்கிகளைப் பலர் பார்வைக்கு மறைப்பு என்று கீழே இறக்கிவிடுவார்கள். யார் இருந்தாலும் அவருடைய தலையின் பின்பக்கத்துக்கு அதை உயர்த்திவைக்க வேண்டும். அந்த வரிசைக்கும் பின்கதவுக்கும் இடையில் அதிக இடம் இல்லை என்பதால், அரிசிப் பையும் ஒடியல் மாப் பெட்டியும் போன்ற பாரமானவை தரையில் இருக்கை முதுகோடு ஒட்டியும், இலேசானவை மேலேயும் வரட்டும்; ஆனால் எதுவும் இருக்கை முதுகின் உயரத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால், திடீரென்று பிரேக் போடும்போது அது முன்னால் இருப்பவரின் தலைக்கு வரும். பாரம் ஏற்றிய நாளில் ரயர் அமுக்கத்தை, ரயர் சூடாகுமுன், வீட்டுக்குப் பக்கத்திலேயே பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.