ராஸ்பெர்ரி பை 3-ல ஷுகர் போட்டாச்சு, ஆனா பழைய டெஸ்க்டாப்தான் வருது

காப்பித்தோட்டம்:
ஏற்காடு நாகலூர் பக்கம் சாயங்காலம் பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுக்கிறேன். சேலத்துல இருக்கிற சித்தப்பா பையன் தன்னோட பழைய ராஸ்பெர்ரி பை 3-ஐக் கொடுத்தான், உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர், 1 ஜிபி ரேம். எங்க வீட்டு டிவியில மாட்டியிருக்கேன். ஷுகர்ங்கிற, பிள்ளைங்க படிக்கிறதுக்கான டெஸ்க்டாப்பைப் போட, அதுல இருக்கிற புக்வார்ம் ஓ.எஸ்.ல சூடோ ஆப்ட் இன்ஸ்டால் சுக்ரோஸ்னு (ஷுகரோட பேக்கேஜ் பேர்) கொடுத்தேன், எர்ரர் இல்லாம முடிஞ்சுது. ரீபூட் பண்ணினா பழைய டெஸ்க்டாப்தான் வந்து நிக்குது.

சின்னப் பிள்ளைங்களுக்கான கல்வி விளையாட்டு ஜிகாம்ப்ரிஸ் போடுங்கன்னு யாரும் சொல்லாதீங்க, அது ஏற்கெனவே இருக்கு. சின்னதுங்களுக்குப் போதும். ஏழாவது எட்டாவது பசங்க கொட்டாவி விடுறாங்க. எனக்கு வேண்டியது கட்டைகளை அடுக்கிப் புரோகிராம் எழுதுற டர்ட்டில் பிளாக்ஸும் ஷுகரோட அந்த ஜர்னலும்தான். "அக்கா, நேத்து போட்டது எங்க?"ன்னு கேட்டா நான் ஃபோல்டர் ஃபோல்டரா துழாவ வேண்டாம் பாருங்க, செஞ்சதெல்லாம் தானா பதிவாயிடும்.

இன்னொரு தொல்லை, கரண்ட். காத்தடிச்சா சில்வர் ஓக் கிளை முறிஞ்சு லைன் மேல விழும், அன்னிக்குப் பொழுது அவ்வளவுதான். மெமரி கார்டு தாங்குமா?

அஞ்சுரோடு லினக்ஸ்:
ஷுகர் எங்கயும் போகலம்மா, உள்ளதான் இருக்கு. பை தானா லாகின் ஆகி, தன்னோட டெஸ்க்டாப்பையே எடுக்குது.

ஷுகருக்கு எக்ஸ்11 வேணும், திரையில எல்லாத்தையும் காட்டுற பழைய முறை அது. 2024 கடைசியில இருந்து வந்த புக்வார்ம்ல புது முறையான வேலண்ட்தான் இருக்கும். முதல்ல பையோட செட்டிங்ஸ் கருவி ராஸ்பி-கான்ஃபிக், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், வேலண்ட்னு போய் எக்ஸ்11-க்கு மாத்துங்க. அதுக்கு அப்புறம்தான் லாகினைக் கவனிக்கிற லைட்டிஎம்மோட கான்ஃப் ஃபைலைத் தொடணும். வரிசையை மாத்தினா ராஸ்பி-கான்ஃபிக் நீங்க எழுதினதை அழிச்சு மறுபடி எழுதிடும். அந்த ஃபைல்ல ஆட்டோலாகின்-செஷன், யூசர்-செஷன்னு ரெண்டு வரி இருக்கும். சமக்குறிக்கு வலது பக்கம் இருக்கிறதை எடுத்துட்டு, ஆங்கிலச் சின்ன எழுத்துல ஷுகர்னு அடிங்க. ரீபூட் பண்ணினா நேரா பேர் கேட்கும், அப்புறம் கலர் கேட்கும்.

1 ஜிபியில டர்ட்டில் நல்லாவே ஓடும். ஷுகரோட பிரவுசர், பேர் பிரவுஸ், அது மட்டும் திணறும். இன்டர்நெட் வேலையை அதுல வச்சுக்காதீங்க.

ஆத்தூர் வாத்தியார்:
கார்டு விஷயத்துக்கு வர்றேன். ராஸ்பி-கான்ஃபிக்ல ஓவர்லே ஃபைல் சிஸ்டம்னு ஒண்ணு இருக்கு, அதைப் போட்டா கார்டுல எதுவும் எழுதாது, கரண்ட் போனாலும் பயமில்லைன்னு சொல்லுவாங்க. உண்மைதான். ஆனா உங்களுக்கு அது ஆகாது. எழுதுறதெல்லாம் ரேம்லயே நின்னுடும், ஆஃப் ஆனா ஜர்னலும் காலி. எதுக்காக ஷுகர் போடுறீங்களோ அதுவே போச்சு.

அதனால கரண்டுக்கு பேக்கப்தான் வழி. ரவுட்டருக்குன்னு கடையில விக்கிற மினி யு.பி.எஸ். பெரும்பாலும் 12 வோல்ட்; அதை மாட்டிடாதீங்க. பை 3-க்கு 5 வோல்ட், 2.5 ஆம்ப் வேணும். மொபைல் சார்ஜர்ல ஓட்டுறவங்க திரை மூலையில மஞ்சளா ஒரு மின்னல் படம் பார்த்திருப்பாங்க, வோல்டேஜ் 4.63-க்குக் கீழ இறங்கிடுச்சுன்னு அர்த்தம். டிவிக்கும் சேர்த்து இன்வெர்ட்டர் இருந்தா சிக்கலே இல்ல. வாரக் கடைசியில ஹோம் ஃபோல்டருக்குள்ள ஒளிஞ்சிருக்கிற ஷுகர் ஃபோல்டரை ஒரு பென் டிரைவ்ல காப்பி பண்ணிடுங்க. பேருக்கு முன்னால புள்ளி இருக்கும், கன்ட்ரோல்-எச் அடிச்சாத்தான் கண்ணுக்குத் தெரியும். ஜர்னல் முழுக்க அதுக்குள்ளதான்.

காப்பித்தோட்டம்:
அண்ணே, வந்துடுச்சு! வரிசை விஷயம் சொன்னீங்களே, அதுக்கு நன்றி. வாத்தியார் ஐயா, இன்வெர்ட்டர் வாங்குற அளவுக்கு இப்ப கையில இல்ல, காப்பி பறிச்சு முடியட்டும். அதுவரைக்கும் பென் டிரைவ்தான்.

இப்ப புதுப் பஞ்சாயத்து. ஒருத்தன் பச்சையும் சிவப்பும் எடுத்துட்டான், எல்லாப் பிள்ளையும் எனக்கும் அதே கலர்தான் வேணும்னு நிக்குது. ஜர்னலும் எல்லாருக்கும் ஒண்ணாக் கலந்து கிடக்கு. பிரிக்க முடியுமா?

அஞ்சுரோடு லினக்ஸ்:
முடியும். ஆட்டோ லாகினை எடுத்துட்டு ஆளுக்கு ஒரு யூசர் போட்டுக் கொடுங்க, கலரும் ஜர்னலும் தனித்தனியா ஆயிடும். கூட்டம் ஜாஸ்தின்னா வகுப்புக்கு ஒரு யூசர் போதும்; டர்ட்டிலை மூடுறதுக்கு முன்னால தலைப்புல பேரை அடிக்கச் சொல்லுங்க, ஜர்னல்ல தேடினா வந்துடும்.