கால்சியம் கார்பனேட் தூசி கண்ணைக் கெடுக்குமா?

பெருந்துறைக்காரன்:
மாத்திரை கம்பெனியில் சேர்ந்து இருபது நாள் ஆகிறதுங்க. 25 கிலோ கால்சியம் கார்பனேட் மூட்டையைக் கொட்டினால் இமையெல்லாம் வெளுத்துவிடுகிறது. அம்மா, "சுண்ணாம்புதானே, கண்ணு போயிரும்" என்று பயப்படுகிறார். நிஜமாங்களா?

நொய்யல்கரை:
வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பு வேறு தம்பி. அது நீற்றியது, கண்ணைப் பொசுக்கிவிடும். இது முட்டை ஓட்டில் இருக்கிற சரக்கு, அவ்வளவு காரம் கிடையாது. ஆனால் தூசி உறுத்தும், இருமலும் வரும். என்95 மாஸ்க்கும் கண்ணாடியும் போடுங்க. மூட்டையை உதறாமல் மெல்லச் சரியுங்க. கண்ணில் விழுந்தால் தேய்க்காமல் தண்ணீர் விட்டுக் கழுவுங்க. தரையில் சிந்தியதை கம்ப்ரஸர் காற்று அடித்துத் தள்ள வேண்டாம். நான் ஒரு தடவை அடித்தேன். அறை முழுக்க மார்கழிப் பனி, சூப்பர்வைசர் முகமே தெரியவில்லை! அப்புறம், ஆசிட் பக்கம் வைக்காதீங்க, நுரைத்துப் பொங்கும்.

பெருந்துறைக்காரன்:
சரிங்கண்ணா. 500 மில்லிகிராம் கால்சியம் மாத்திரைக்கு எதற்கு 1,250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் நிறுக்கிறோம்?

நொய்யல்கரை:
அந்த மாவில் கால்சியம் 40 சதவீதம்தான், மிச்சம் கார்பனேட்.

கவுந்தப்பாடி அக்கா:
அம்மா தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறாரா கண்ணு? கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் 4 மணி நேரம் இடைவெளி வேணும். நான் ரெண்டையும் காலையில் ஒன்றாக விழுங்கி, டாக்டரிடம் திட்டு வாங்கினேன்.